உங்களுக்குத் தெரியுமா? பதவி உயர்வு யாருக்கு?

அப்ரைசல் கடிதம் வருகிற வாரத்தில் பரனூர் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். மகிந்திரா சிட்டியிலிருந்து தாம்பரம் பக்கம் போகிற கூட்டத்தின் பேச்சே மாறியிருக்கும். போன வருடம் பெண்கள் பெட்டியில் என் எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“என்ன வந்துச்சுக்கா?”

“த்ரீ.”

“போன வருஷமும் அதுதானே? ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அந்த ரிலீஸை நீங்கதானேக்கா முடிச்சீங்க?”

“முடிச்சேன். அது மேனேஜருக்குத் தெரியணுமே.”

சொல்லிவிட்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி, அதன் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி டிபன் பைக்குள் வைத்தார். சிங்கப்பெருமாள் கோவில் வரை இருவரும் பேசவில்லை. உழைத்தால் மேலே வரலாம் என்று ஒரு கட்சி, ஜால்ரா போட்டால்தான் வரலாம் என்று ஒரு கட்சி, எல்லா ஆபீஸிலும் உண்டு. எனக்கு அந்த அக்கா சொன்ன ஒரு வரிதான் விஷயத்தின் நடுப்புள்ளி என்று படுகிறது. செய்த வேலை யார் கண்ணில் பட்டது, அதை யார் எடுத்துச் சொன்னார்கள்? இந்த வாரத் துணுக்குகள் எல்லாம் அதைப் பற்றித்தான்.

● மாமல்லபுரத்துக்குப் போனவர்கள் தர்மராஜ ரதத்தைப் பார்த்திருப்பார்கள். அதன் மேல் பல்லவ அரசரின் பட்டப்பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. உளி பிடித்தவன் பெயர் அங்கே எங்கும் இல்லை. ஆனால் ஊருக்கு மேற்கே பூஞ்சேரியில், நொண்டி வீரப்பன் தோட்டம் என்று சொல்லப்படும் இடத்துப் பாறையில், பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் இருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று போகிறது அந்த வரிசை. மாமல்லபுரத்தில் வேலை செய்த சிற்பிகளின் பெயர்கள் இவை என்பது ஆய்வாளர்கள் கருத்து. பெருந்தச்சன் என்பது பதவிப்பெயர், தச்சர்களில் தலைவன். ஆக, அந்தக் காலத்திலும் ஒருவர் பதவி உயர்ந்திருக்கிறார். என்னை அதிகம் தொட்டது கொல்லன் சேமகன். கொல்லன் இல்லாவிட்டால் உளி இல்லை. கருங்கல்லில் அடிக்க அடிக்க முனை மழுங்கும், உலையில் காய்ச்சித் தட்டி மறுபடி கூராக்கித் தர ஓர் ஆள் வேண்டும். கண்ணில் படாத அந்த வேலைக்காரனின் பெயரும் தலைவன் பெயர் இருக்கிற அதே பாறையில் இருக்கிறது.

இன்றைக்கும் ஐந்து ரதம் போகிற வழியில் உள்ள பட்டறைகளில் பதவி உயர்வுக்குக் கடிதம் கிடையாது. புதிதாக வந்த பையன் கல்லைச் சமன் செய்வான், பீடம் கொத்துவான், பிறகு உடையின் மடிப்பு, நகை, விரல் என்று போவான். முகம் மூத்தவருக்குத்தான். ஒருநாள் அவர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, “முகத்தை நீ பாருப்பா” என்பார். அதுதான் அங்கே பிரமோஷன். பக்கத்திலேயே உட்கார்ந்து இத்தனை வருடம் அவன் கையைப் பார்த்த ஒருவர் கொடுப்பது அது.

● மேலதிகாரியிடம் எப்படி நடந்துகொள்வது என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். 70ஆவது அதிகாரம், மன்னரைச் சேர்ந்தொழுகல். தீக்காய்கிறவர் போல ரொம்ப ஒட்டாமலும் ரொம்ப விலகாமலும் இருக்க வேண்டும், பெரியவர் முன்னால் அடுத்தவர் காதில் குசுகுசுக்கக் கூடாது, அவர் ரகசியத்தை ஒட்டுக்கேட்கக் கூடாது, முகக்குறிப்பு அறிந்து நேரம் பார்த்துப் பேச வேண்டும் என்றெல்லாம் வருகிறது. பழைய பழக்கம் இருக்கிறதே என்று உரிமை எடுத்துக்கொண்டு தகாததைச் செய்தால் கேடு என்று முடிக்கிறார். உழைப்பைச் சொல்லும் ஆள்வினையுடைமைக்கும் பத்துக் குறள், இதற்கும் பத்துக் குறள். இரண்டும் பொருட்பாலில்தான் இருக்கின்றன. ஒன்று நல்லவர்களுக்கு, மற்றது கெட்டவர்களுக்கு என்று அவர் பிரிக்கவில்லை.

● ‘காக்காய் பிடிப்பது’ என்பது ‘கால், கை பிடிப்பது’ என்பதன் மருவல் என்று சொல்வார்கள். ஐஸ் வைப்பது, சோப்புப் போடுவது, ஜால்ரா, அல்லக்கை என்று இந்த ஒரு காரியத்துக்குத் தமிழில் எத்தனை சொல்!

● “தம் அடிக்கப் போறவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்” என்று ஆபீஸில் சொல்வதுண்டு. அதை இரண்டு பொருளாதார அறிஞர்கள் அளந்தே பார்த்துவிட்டார்கள். ஜோயி கல்லன், ரிக்கார்டோ பெரஸ் துருக்லியா என்பவர்கள் ஆசியாவின் ஒரு பெரிய வங்கியில் செய்த ஆய்வு 2023ல் வெளியானது. அந்த வங்கியில் மேலாளர்கள் அடிக்கடி இடம் மாறுவார்கள். அதனால் அதே ஊழியருக்கு ஆண் மேலாளர் வந்தால் என்ன ஆகிறது, பெண் மேலாளர் வந்தால் என்ன ஆகிறது என்று ஒப்பிட முடிந்தது. ஆண் ஊழியருக்கு ஆண் மேலாளர் வந்தால் பதவி உயர்வு வேகமாகிறது. பெண் ஊழியருக்கு மேலாளர் யாராக இருந்தாலும் அந்த வேகம் இல்லை. அந்த ஆண்கள் அதிக நேரம் உழைத்தார்களா என்று பார்த்தால், இல்லை. வேலையின் அளவிலும் வித்தியாசம் இல்லை. சிகரெட் பிடிக்கிற ஊழியருக்குச் சிகரெட் பிடிக்கிற மேலாளர் வாய்த்தபோதும் இதே கதைதான். சேர்ந்து வெளியே போய் நிற்கிற அந்தப் பத்து நிமிடம் பதவியாக மாறுகிறது. பதவி உயர்வில் ஆண், பெண் இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஆண் மேலாளரிடம் ஆண் ஊழியருக்குக் கிடைக்கும் இந்த அனுகூலத்தால் வருவது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு மணி கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட வேண்டிய பெண்ணிடம் “நீ நெட்வொர்க் பண்ணுவதில்லை” என்று சொல்வது என்ன நியாயம்? டீக்கடை வாசலில் நடந்த பேச்சு மதிப்பெண்ணில் ஏறக் கூடாது. அதைத் தடுப்பது நிறுவனத்தின் வேலை.

● கண்ணில் படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஷாங்காயில் ஒரு சான்று உண்டு. சிட்ரிப் என்ற பயண நிறுவனம் தன் கால் சென்டர் ஊழியர்களில் ஒரு பகுதியை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டது. வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. ஆனால் அதே அளவு வேலை செய்த அலுவலகத்துக்காரரோடு ஒப்பிட்டால் அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவு.

● சரி, உழைப்பை மட்டும் பார்த்துக் கொடுத்தால் சரியாகிவிடுமா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தன் திறமை தீர்ந்துபோகிற படி வரை ஒருவரை ஏற்றிக்கொண்டே போகிறார்கள் என்று லாரன்ஸ் பீட்டர் 1969ல் புத்தகம் எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விற்பனை ஊழியர்களை வைத்து மூவர் இதைச் சோதித்தார்கள். அதிகம் விற்றவருக்கே மேலாளர் பதவி போயிருந்தது. அப்படிப் போனவர்களின் கீழ் வேலை செய்தவர்கள் சராசரியாக மோசமாகவே விற்றார்கள். நன்றாக விற்பது ஒரு கலை, விற்கிறவர்களை நடத்துவது வேறு கலை. உழைப்புக்குப் பரிசாகப் பணம் கொடுக்கலாம், மரியாதை கொடுக்கலாம். நாலு பேரை நடத்தும் பொறுப்பைப் பரிசாகக் கொடுத்தால் அந்த நாலு பேர் கஷ்டப்படுகிறார்கள்.

● ஐடி ஊழியர் எல்லோருக்கும் தெரிந்த சொல் பெல் கர்வ். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் புகழ்பெறச் செய்த கணக்கு இது. ஊழியர்களில் மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10. பத்துப் பேர் கொண்ட அணியில் பத்துப் பேரும் நன்றாகச் செய்திருந்தாலும் ஒருவர் கடைசியில் நின்றாக வேண்டும். யார் அந்த ஒருவர் என்பது மேலாளர்கள் கூடும் கூட்டத்தில் முடிவாகிறது. “என் ஆளுக்கு ஃபோர் கொடு, உன் ஆளை அடுத்த வருடம் பார்ப்போம்” என்கிற பேரம் நடக்கிற அறை அது. ஆபீஸ் அரசியலின் கருவறை என்று சொன்னால் தப்பில்லை. உங்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது. உங்கள் வேலையை நாலு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்த மேலாளர் இருந்தால் பிழைத்தீர்கள். மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இந்தக் கட்டாய வரிசையைக் கைவிட்டது. மகிந்திரா சிட்டியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் இன்ஃபோசிஸும் 2015-16 வாக்கில் விட்டது.

● ஆள் பார்த்துப் பதவி கொடுக்கும் நோய்க்கு ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே மருந்து தேடிய ஊர் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம், உத்திரமேரூர். இன்று காஞ்சிபுரம் மாவட்டம், முன்பு செங்கல்பட்டு மாவட்டம். முதலாம் பராந்தக சோழர் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்கும் விதிகள் அவை. ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். வயது 35க்கு மேல், 70க்குள். சொந்த மனையில் வீடும் கால் வேலி நிலமும் வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. முன்பு இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் இடமில்லை. அவரோடு நிற்கவில்லை: அவர் தாய்மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று உறவு முழுவதையும் பட்டியல் போட்டு விலக்குகிறது கல்வெட்டு. ஊர்க்காரர்களுக்கு உறவு அரசியல் எப்படி ஓடும் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஓலை எடுக்கும் விதத்தைப் பாருங்கள். பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில். சபை முழுதும் கூடியிருக்க, கோயில் பூசாரிகளான நம்பிமாரில் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்றே அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கிறான். அதை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை இருந்துவிடக் கூடாது அல்லவா! அவர் வாசித்த பிறகு அங்குள்ள நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். இதெல்லாம் நிலமுள்ள பிராமண ஆண்களுக்குள் மட்டும் நடந்த தேர்வு. ஊரின் மற்றவர்களும் பெண்களும் குடத்துக்குள்ளேயே வரவில்லை. அந்தக் குறை பெரியது. ஆனாலும் விரித்த அந்த ஐந்து விரலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எந்த அப்ரைசல் கூட்டத்தில் அப்படிக் கை விரிக்கிறார்கள்?

● செங்கல்பட்டை ஒரு கம்பெனி ஆண்டது. 1763ல் ஆற்காடு நவாப் முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த நிலம் இது. அந்தக் கம்பெனியிலும் பதவிச் சண்டை உச்சத்தில் இருந்தது. சென்னையில் கம்பெனியின் உயர் அதிகாரிகளான ஹாலண்டு சகோதரர்களிடம் செல்வாக்காக இருந்த துபாஷ் (மொழிபெயர்ப்பாளரும் தரகரும்) அவதானம் பாப்பையா, வருவாய் வாரிய உறுப்பினர் டேவிட் ஹாலிபர்ட்டனைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்று 1792ல் விசாரணையே நடந்தது. சூளையில் பாப்பையா பெயரில் இன்றும் தெரு இருக்கிறது. அடுத்த ஆண்டு, 1793 சாசனச் சட்டம், காலியிடங்களைச் சேவை மூப்புப்படி நிரப்பு என்றது. சீனியாரிட்டி என்று இன்று நாம் திட்டுகிற முறை, வேண்டியவனுக்கு வேண்டியதைச் செய்வதைத் தடுக்கப் போட்ட கடிவாளம்.

● கல்பாக்கத்தில் வேறு வழி. அணுசக்தித் துறையின் விஞ்ஞானிகளுக்கு மேலே ஓர் இடம் காலியாக வேண்டிய அவசியம் இல்லை. ஒரு நிலையில் குறிப்பிட்ட ஆண்டுகள் முடித்து, அறிக்கைகளும் நேர்முகமும் சரியாக இருந்தால், இருந்த நாற்காலியிலேயே பதவி உயரும். இதற்கு மெரிட் புரமோஷன் என்று பெயர். பக்கத்து மேஜைக்காரர் உயர்ந்தால் உங்கள் இடம் போய்விடாது. போட்டி ஒரு நாற்காலிக்காக இல்லாதபோது, சக ஊழியனின் காலை வாரிவிட ஒரு காரணம் குறைகிறது. அறிக்கை எழுதும் அதிகாரி மட்டும் இங்கேயும் இருக்கிறார்.

● கணித மேதை ராமானுஜன் 1912 மார்ச் 1ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அவர் கணக்கைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவர், நாராயண ஐயர், அதே அலுவலகத்தில் மேலே இருந்தார். அவரும் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் பேச வேண்டிய இடங்களில் பேசினார்கள். அந்த மேஜைக்கு மேலே வேறு ஆள் இருந்திருந்தால்?

● மேலதிகாரி தன்னைப் பற்றி ஆண்டுதோறும் எழுதும் ரகசிய அறிக்கையில் என்ன இருக்கிறது என்று அரசு ஊழியர் பார்க்க முடியாத காலம் ஒன்று இருந்தது. எல்லைச் சாலை அமைப்பில் நிர்வாகப் பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவருக்கு அடுத்த பதவிக்கு ஐந்து வருடமும் ‘மிக நன்று’ வேண்டும். 1993-94ல் மட்டும் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். பாதகமான சொல் இல்லையே என்று அதை அவருக்குத் தெரிவிக்கவில்லை. அந்த ஒரு சொல்லால் பதவி போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நல்லதோ கெட்டதோ, அறிக்கையின் ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும், அவர் மறுப்புச் சொல்ல இடம் தர வேண்டும் என்று 2008 மே மாதம் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே மத்திய அரசு அதை விதியாக்கியது. இன்று லட்சக்கணக்கான அரசு ஊழியர்கள் தங்கள் அறிக்கையைக் கையில் வாங்கிப் படிக்கிறார்கள். தேவ் தத் தீர்ப்பு வருவதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டிருந்தார்.