துடிப்புப் பாய்வில் உராய்வும் வெப்பமும்

உந்துதண்டுப் பம்பு தள்ளும் நீரும், எஞ்சினின் புகைபோக்கிக் குழாயில் விரையும் வாயுவும் ஒரே சீராக ஓடுவதில்லை. சராசரி ஓட்டத்தின் மேல் ஏறியிறங்கும் அலைவும் சேர்ந்திருக்கும் இவ்வகை ஓட்டம் துடிப்புப் பாய்வு எனப்படும். இரு இணைத்தகடுகளுக்கு இடைப்பட்ட கால்வாயில் இப்பாய்வு செல்லும்போது, சுவரோடு நிகழும் உராய்வும் சுவரிலிருந்து பெறப்படும் வெப்பமும் வெவ்வேறு விதிகளுக்குக் கட்டுப்படுகின்றன.

அழுத்தம் மாறும்போது நடுப்பகுதிப் பாய்மம் நிலைமத்தால் பின்தங்க, பாகுநிலை மேலோங்கிய சுவரோர மென்பகுதி முந்திக்கொள்கிறது. ஸ்டோக்ஸ் படலம் எனப்படும் அப்பகுதியின் தடிமன், 20 பாகை செல்சியசில் உள்ள நீர் நொடிக்கு ஒருமுறை துடித்தால் ஏறத்தாழ 0.56 மில்லிமீட்டராகவும், 100 முறை துடித்தால் அதில் பத்தில் ஒரு பங்காகவும் அமைகிறது. துடிப்பு மிக விரைவாக இருக்கும்போது, உராய்வின் அலைவு நடுப்பகுதி வேகத்தின் அலைவை விடத் துடிப்பு நேரத்தில் எட்டில் ஒரு பங்கு முந்தி உச்சமடைகிறது. அலையும் காற்றோட்டத்தில் வேகத்தின் உச்சம் குழாயின் நடுவில் அன்றிச் சுவரருகே அமைவதை ரிச்சர்ட்சனும் டைலரும் 1929இல் அளந்து காட்டினர்.

நேரான கால்வாயில் முழுமையாக வளர்ந்த வரிச்சீர் ஓட்டத்துக்கு, பாகுநிலை மாறாதவரை, உந்தச் சமன்பாடு நேரியலாக இருப்பதால், அலைவு தரும் கூடுதல் உராய்வும் குறைவும் ஒரு துடிப்பில் ஈடாகிவிட, சராசரி உராய்வு சீரோட்டத்தின் அளவிலேயே நிற்கிறது. வெப்பச் சமன்பாட்டிலோ வேகமும் வெப்பநிலையும் பெருக்கலாக வருவதால், இரண்டின் அலைவுகளும் சேர்ந்து சராசரியை மாற்றக்கூடும். அம்மாற்றம் உயர்வாகவும் அமையலாம், தாழ்வாகவும் அமையலாம். வரிப்பள்ளங்கள் வெட்டிய சுவராயின், ஒவ்வொரு துடிப்பும் பள்ளத்துச் சுழல்களை நடுப்பகுதிக்கு வீசிக் கலக்குவதால் வெப்பப் பரிமாற்றம் பெருகும். அழுத்த இழப்பும் உடன் ஏறும்.

இக்காரணிகள் ஒன்றையொன்று பாதிப்பதால் கணினி உருவகப்படுத்தல் தேவைப்படுகிறது. கால்வாயைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் நிறை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றின் வரவுசெலவைச் சரிபார்க்கும் இம்முறையில், வேகத்தையும் அழுத்தத்தையும் இசைவிக்க 1972இல் படாங்கரும் ஸ்பால்டிங்கும் வகுத்த 'சிம்பிள்' வழிமுறை இன்றும் பயன்படுகிறது. ஸ்டோக்ஸ் படலத்துக்குள் பல கட்டங்கள் அமைய வேண்டும். ஒரு துடிப்பின் விடை முந்தைய துடிப்பின் விடையோடு ஒத்துப்போகும் வரை கணக்கீடு தொடர வேண்டும். அதன் பின்னரே சராசரி காண்பது பொருந்தும். கொந்தளிப்பு ஓட்டத்தில் சுமை பன்மடங்காகிறது: துடிப்பில்லாத கால்வாய்க்கே கிம், மொயின், மோசர் ஆகியோர் 1987இல் ஏறத்தாழ 40 லட்சம் கணக்கீட்டுப் புள்ளிகளைப் பயன்படுத்தினர்.

எனவே வெப்பப் பரிமாற்றம் கூடியதாக ஓர் உருவகப்படுத்தல் காட்டினாலும், அதே துடிப்புக்குப் பம்பு செலவிடும் ஆற்றலோடு ஒப்பிட்ட பிறகே அது ஆதாயமா என்று தீர்மானிக்க இயலும்.