வடகம் பாரிசுக்குப் போகுமா?



சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், சீரகம், உளுந்து சேர்த்து உருட்டி மாடியில் காயப் போடுகிறோமே தாளிப்பு வடகம், அதற்குப் பிரான்சில் 'வடுவான்' என்று பெயர். நம்ம புதுச்சேரிப் பக்கத்திலிருந்து போனதுதான். அங்கே பெரிய ஓட்டல் சமையல்காரர்களே மீனுக்கும் கறிக்கும் சேர்க்கிறார்கள்.

"அப்போ நாமளும் அனுப்பலாமே?" என்பீர்கள். அனுப்பலாம். ஆனால் வாங்குகிறவர் யாரென்று முதலில் தெரியணும்.

பாரிசில் லா ஷபெல் பகுதியில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பல கடைகள் ஈழத் தமிழர்களுடையவை. 1962க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த நம்ம ஊர்க் குடும்பங்களும் பிரான்சில் உண்டு. இவர்களுக்கு உருண்டையைப் பார்த்தாலே போதும், விளக்கம் வேண்டாம். ரீயூனியன் தீவுக்காரர்களில் பலருக்கு முன்னோர் தமிழர்தான், ஆனால் தமிழ் படிக்க வராது. பிரெஞ்சுக்காரருக்கோ தாளிக்கவே தெரியாது. அவருக்கு உதிர்த்த வடகம், சின்ன பாட்டில், எப்படிச் சமைப்பது என்ற குறிப்பு, எல்லாம் வேண்டும். சரக்கு ஒன்று, பாக்கெட் இரண்டு விதம்.

யார் வாங்கினாலும் சட்டம் ஒன்றே. லேபிள் பிரெஞ்சில் இருக்கணும். ஒவ்வாமை தரும் பொருட்களின் பட்டியலில் கடுகும் இருப்பதால், அதைத் தடித்த எழுத்தில் போடணும். எள், வேர்க்கடலைக்கும் அப்படியே. நெய், பால், முட்டை கலந்த பண்டம் என்றால் கட்டுப்பாடு இன்னும் கடுமை, ஆரம்பத்திலேயே அதில் கைவைக்க வேண்டாம்.

சோதனையில்தான் பலர் மாட்டுகிறார்கள். 2003ல் இந்திய மிளகாய்த் தூளில் சூடான் சாயம் இருந்ததைக் கண்டுபிடித்தது பிரான்சுதான். 2020ல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருந்ததால் ஐரோப்பாவில் கடை கடையாகச் சரக்கைத் திரும்ப எடுத்தார்கள். நாம் சாயம் போடமாட்டோம், சரி. ஆனால் ஐப்பசி மழையில் சரியாகக் காயாத வடகம் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நஞ்சுக்கும் அங்கே அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு பெட்டி நிராகரிக்கப்பட்டால் வங்கிக் கடனும் வட்டியும் நம்ம குழு தலையில்தான். அதனால் வெயில் காலத்திலேயே போட்டு, ஒவ்வொரு ஈட்டுக்கும் எண் கொடுத்து, ஆய்வகத்தில் பார்த்த பிறகே அனுப்பணும்.

ஏற்றுமதி எண்ணுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே வாங்கலாம். உணவுப் பாதுகாப்பு உரிமம், நறுமணப் பொருள் வாரியப் பதிவு என்று மற்றதும் உண்டு. தனிக் குழுவுக்கு இது பாரம், கூட்டமைப்பு பெயரில் எடுப்பது சுலபம். அதுவரை ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருக்கும் ஏற்றுமதியாளருக்கு விற்றுப் பாருங்கள். லாபம் குறைவுதான், ஆனால் பணம் இங்கேயே கைக்கு வந்துவிடும்.