அமெரிக்கா போன தமிழர் கப்பல்!

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். இவை புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள். இன்று இங்கே கேட்பது விசைப்படகின் இரைச்சல். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணம் இருக்கிறது.

அந்தக் கரையில் உள்ள வல்வெட்டித்துறையில் ஒரு பாய்க்கப்பல் பிறந்தது. நீளம் 89 அடி, பாய்மரம் இரண்டு. பெயர், "அன்னபூரணி அம்மாள்".

வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். சிறு படகில் உலகைச் சுற்றி வந்தவர் அவர். கப்பலுக்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். தமிழ் மாலுமிகள் அதைச் செலுத்தினார்கள். 1938 ஆகஸ்டில் கப்பல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது!

இத்தகைய கப்பல் கட்டும் கைகள் இன்று அருகிவிட்டன. நம் பிள்ளைகளுக்கு அதை எப்படிக் காட்டுவது? மாதிரிக் கப்பல் கட்டிக் காட்டலாம்.

கணக்கு முக்கியம்

1 அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 89 அடிக் கப்பல் 22¼ அங்குலமாகிவிடும். மேசை மேல் நிற்கும். ஆறடி மாலுமியின் உயரம் ஒன்றரை அங்குலம்!

இலேசான மரக்கட்டையில் உடலைச் செதுக்குங்கள். ஒரு பக்கத்தின் வளைவை அட்டையில் வெட்டி, மறு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்திருக்க வேண்டும். மூங்கில் சீவலைப் பாய்மரமாக நடுங்கள்.

கயிறு கட்டுவது எப்படி?

பலர் தவறுவது இங்கேதான். 2 மில்லிமீட்டர் சணலைக் கட்டினால், அசல் கப்பலில் அது ஏறக்குறைய 4 அங்குலத் தடிமன்! எந்த மாலுமி அதைப் பிடித்து இழுப்பான்? தையல் நூலே போதும். தேன்மெழுகு தடவினால் பிசிறு அடங்கும்.

மரத்தைத் தாங்கும் கயிறுகளை முதலில் கட்டுங்கள். இடப்புறம் ஒன்று கட்டினால், உடனே வலப்புறம் ஒன்று. ஒரே பக்கமாக இழுத்தால் மரம் சாய்ந்துவிடும். அடுத்தது பருமல், அதாவது பாயைத் தாங்கும் குறுக்குக் கழி. பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் கடைசியில்தான்.

அவசரம் வேண்டாம். தாத்தா நூலைப் பிடிக்கட்டும்; பேத்தி முடிச்சுப் போடட்டும்.

வேலை முடிந்ததா? அமெரிக்கா போகும்போது கப்பல் இழந்தது ஒன்று உண்டு. அதன் பெயர்! அதை நீங்கள் திருப்பிக் கொடுங்கள். "அன்னபூரணி அம்மாள்" என்று எழுதி வையுங்கள்.