நொறுக்கிப் போட்டதும் பறந்தது

தோட்டத் தொழிற்சாலைகளில் பழைய மெஷின்களைப் பாஸ்மார் சமாளித்து ஓட்டுவதை ருவான்வெல்லைப் பக்கத்தார் அறிவர். அதே கைவேலை ஒரு குண்டுவீச்சு விமானத்துக்கு இருபது ஆண்டு மறுவாழ்வு கொடுத்த கதை இது.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கா 18,000க்கு மேல் கட்டியது லிபரேட்டர் விமானம். நான்கு எஞ்சின், நெடுந்தூரம் பறக்கும். நம்மட தீவுக்கும் அது அந்நியமல்ல. பிரித்தானிய விமானப்படையின் 160ஆம் அணி சிகிரியா, காங்கேசன்துறை, மின்னேரியா தளங்களில் லிபரேட்டர்களை வைத்திருந்தது. 1945 மார்ச்சில் அவை இங்கிருந்து சிங்கப்பூர் வரை போய்க் கடற்கண்ணி போட்டுத் திரும்பின.

யுத்தம் முடிந்தது. பிரித்தானியரிடம் இருந்த லிபரேட்டர்கள் அமெரிக்கா இரவலாகக் கொடுத்தவை. திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உதவாமல் ஆக்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தியாவில் இருந்தவற்றைக் கான்பூரில் நிறுத்தி, பறக்க முடியாதபடி சேதப்படுத்திவிட்டுப் போனார்கள்.

"நொறுக்கின பிளேன எப்படி சேர் திரும்ப எழுப்பின?" என்று பத்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. 1948இல் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் கான்பூருக்குப் போனார்கள். சேதம் குறைந்ததைத் தெரிந்தெடுத்தார்கள். ஒன்றில் இல்லாததை இன்னொன்றில் கழற்றிப் பூட்டினார்கள். ஒரு தடவை பறக்கும் அளவுக்குத் தேறியதும் பரீட்சார்த்த விமானி ஜம்ஷெட் முன்ஷி அதைப் பெங்களூருக்கு ஓட்டிப்போவார். முழுத் திருத்தமும் அங்கேதான். இப்படி நாற்பதளவில் உயிர் பெற்றன.

அந்த ஆண்டு நவம்பரில் இந்திய விமானப்படையின் 5ஆம் அணி இவற்றைக் கொண்டு உருவானது. பிறகு 6ஆம் அணியில் கடற்காவல் வேலை. 1968 முடிவில்தான் ஓய்வு.

இதற்கிடையில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான லிபரேட்டர்கள் உருக்கப்பட்டு அலுமினியமாகிவிட்டன. ஆகவே நூதனசாலைகள் இந்தியாவைத் தேடி வந்தன. ஒன்று 1969இல் அரிசோனாவுக்கும், ஒன்று 1974இல் பிரித்தானியாவுக்கும் தாமே பறந்து போயின. வேறொன்று அமெரிக்காவில் திருத்தப்பட்டு 1989இல் மறுபடி வானேறியது.

செல்வந்த நாடு உருக்கியதை, இல்லாத நாடு பழுதுபார்த்துக் காப்பாற்றியது. நினைவுச்சின்னமாக வைக்கவேண்டும் என்று அல்ல, வேலைக்குத் தேவைப்பட்டதால். விமானியின் பெயர் நமக்குத் தெரிகிறது. ஆணி கழற்றிப் பூட்டிய கைகளின் பெயர் தெரிவதில்லை. நம்மட ஊர்ப் பாஸ்மாரின் கைப்பக்குவமும் எழுத்தில் ஏறாமலே அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் பட்டறைப் பக்கமும் ஒருக்கால் போய்க் கேட்டு எழுதவேண்டும்.