பட்டினி போட்டால் பூஞ்சை சாகுமா?

முதலில் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவோம். சர்க்கரை, வெல்லம், தேன் ஆகாது. பழமும் ஆகாது, சிலர் முதல் சில வாரங்களுக்கு மட்டும் என்கிறார்கள். மைதா, கோதுமை, வெள்ளை அரிசி, உருளைக்கிழங்கு, பிரெட், வினிகர், காளான், பால், சீஸ், வேர்க்கடலை, மது எல்லாம் விலக்கு. மிஞ்சுவது கீரை, காய், முட்டை, மீன், கோழி, தேங்காய் எண்ணெய், பூண்டு. சில வாரமோ சில மாதமோ இப்படிச் சாப்பிட்டால், குடலில் பெருகிக் கிடக்கும் ‘கேண்டிடா’ என்ற பூஞ்சை ஒழிந்துபோகும், வயிற்று உப்புசம், அசதி, ஞாபகமறதி, தலைவலி, அரிப்பு எல்லாம் அதோடு போய்விடும் என்கிறார்கள். இதுதான் கேண்டிடா டயட். கடைப்பிடிப்பவர்கள் முட்டாள்கள் அல்ல. பல டாக்டர்களைப் பார்த்து, ‘எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களே இவர்களில் அதிகம். ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

கேண்டிடா அல்பிகன்ஸ் ஒரு ஈஸ்ட், அதாவது ஒற்றைச் செல்லாக வாழக்கூடிய பூஞ்சை. எங்கிருந்தோ வந்து தொற்றும் கிருமி என்று இதை நினைக்க வேண்டாம். நோய் நொடி இல்லாதவர்களிலேயே ஏறக்குறைய சரிபாதிப் பேரின் வாயிலோ குடலிலோ இது இருக்கிறது. குடலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாவும் நம் நோய் எதிர்ப்புச் சக்தியும் இதை அதன் இடத்தில் வைத்திருக்கின்றன. அதனால், மலப் பரிசோதனையில் ‘கேண்டிடா காணப்பட்டது’ என்று வந்தால், அந்த ஒரு வரி மட்டும் நோய்க்குச் சான்று ஆகாது.

இந்த டயட்டின் ஊர் அமெரிக்காவின் தென்பகுதி. 1970-களின் இறுதியில் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமைச் சேர்ந்த டாக்டர் ஒரியன் டிரஸ், காரணம் தெரியாத பல உபாதைகளுக்குக் கேண்டிடாவே மூலம் என்று எழுதத் தொடங்கினார். பக்கத்து மாநிலமான டென்னசியில் குழந்தை மருத்துவராக இருந்த வில்லியம் குரூக் அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு 1983-இல் ‘தி ஈஸ்ட் கனெக்‌ஷன்’ என்ற புத்தகத்தை எழுதினார். அது லட்சக்கணக்கில் விற்றது. அதில் மதிப்பெண் போட்டுக்கொள்ளும் கேள்வித்தாள் ஒன்றும் உண்டு. இனிப்புக்கு ஏங்குகிறீர்களா? சென்ட் வாசனை ஒத்துக்கொள்ளவில்லையா? ஈரமான, பூசணம் பிடித்த இடங்களில் உடம்பு மோசமாகிறதா? எப்போதும் களைப்பா? இதில் மதிப்பெண் வாங்காமல் தப்புவது சிரமம். 1986-இல் அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர்களின் கழகமும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது: இந்த நோய் வெறும் ஊகம், நிரூபிக்கப்படவில்லை, இந்த அறிகுறிகள் எந்த நோயாளிக்கும் ஏதாவது ஒரு சமயத்தில் பொருந்தும்.

இப்போது எல்லோரும் இடறும் இடத்துக்கு வருகிறோம். ‘பூஞ்சைக்கு உணவு சர்க்கரை. நாம் சர்க்கரை சாப்பிடாவிட்டால் அது பட்டினி கிடந்து செத்துவிடும்.’ கேட்கும்போது இதில் ஓட்டையே தெரியாது. கண்ணாடிக் குடுவையில் வளர்க்கும் ஈஸ்டுக்கு இது பெருமளவு உண்மையும்கூட. ஆனால் நம் குடல் குடுவை அல்லவே.

ஒரு லட்டு சாப்பிடுகிறோம். அதன் சர்க்கரை இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்கு வருகிறது. சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர் நீளம். அதன் தொடக்கப் பகுதியிலேயே சர்க்கரையின் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலந்துவிடுகிறது. குடலில் நுண்ணுயிர்கள் நெருக்கமாகக் குடியிருப்பதோ அதற்கு வெகு கீழே, பெருங்குடலில். லட்டின் சர்க்கரை அங்கே போய்ச் சேருவது மிகக் குறைவு. கீழே இறங்குவதெல்லாம் பழம், பயறு, முழுதானியம் ஆகியவற்றின் நார்ச்சத்துதான். அதைத் தின்னும் பாக்டீரியா சில அமிலங்களைச் சுரக்கின்றன. அந்த அமிலங்கள் கேண்டிடாவை அடக்கி வைக்க உதவுகின்றன. டயட் பட்டியலோ பழத்தையும் தானியத்தையும், சில சமயம் பயறையும் சேர்த்தே விலக்குகிறது. காவல்காரர்களின் சாப்பாட்டில்தான் கை வைக்கிறது.

அதோடு, கேண்டிடாவுக்குச் சர்க்கரை கிடைக்காவிட்டாலும் பிழைக்கத் தெரியும். புரதத்தின் துணுக்குகள், கொழுப்பு, மற்ற கிருமிகள் சுரக்கும் லாக்டிக் அமிலம் என்று பலதையும் எரித்து வாழும் வழி அதற்கு உண்டு. கரப்பான்பூச்சியை ஒழிக்க வீட்டில் சமையலை நிறுத்திய கதைதான். அது புத்தகத்தின் பசையையும் சோப்பையும் தின்று காலம் தள்ளும். முதலில் மயங்கி விழுவது வீட்டுக்காரர்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1999-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் ஆரோக்கியமான 28 பேருக்கு வழக்கமான உணவோடு சுத்திகரித்த சர்க்கரைச் சத்தைக் கூடுதலாகக் கொடுத்து, வாயிலும் மலத்திலும் கேண்டிடாவை எண்ணினார்கள். மொத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஏற்கெனவே வாயில் கேண்டிடா அதிகமாக இருந்தவர்களிடம் மட்டும் மலத்தில் கொஞ்சம் கூடியது. மாவுச்சத்து நிறைய உண்பவர்களின் குடலில் கேண்டிடா சற்றுக் கூடுதலாகக் காணப்பட்ட ஆய்வும் உண்டு. ஆனால் கூடுதலாக இருப்பது வேறு, அதனால் நோய் வருவது வேறு.

அப்படியானால் சர்க்கரைக்கும் கேண்டிடாவுக்கும் சம்பந்தமே இல்லையா? நிச்சயம் உண்டு. பார்க்க வேண்டிய சர்க்கரைதான் வேறு: தட்டில் இருப்பதை விட்டுவிட்டு, ரத்தத்திலும் சிறுநீரிலும் இருப்பதைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் இல்லாதவர் காலையில் வெறும் வயிற்றில் இருக்கும்போது அவர் ரத்தம் முழுவதிலும் ஓடுவது ஒரு டீஸ்பூன் அளவு குளுக்கோஸ்தான். அவர் லட்டைத் துறந்தாலும் கல்லீரல் அந்த அளவைத் தயாரித்துக் கொடுத்துவிடும். கட்டுக்கடங்காத சர்க்கரை நோயில் இது இரண்டு மூன்று மடங்காகி, சிறுநீரிலும் வழிகிறது. எதிர்ப்புச் சக்தியும் தளர்கிறது. அப்போது கேண்டிடாவுக்குக் கொண்டாட்டம். நடுவயதுக்காரர் ஒருவர் ஆணுறுப்பின் முன்தோலில் அரிப்பு, வெடிப்பு என்று கூச்சத்தோடு டாக்டரிடம் போய், அன்றைக்குத்தான் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதையே தெரிந்துகொள்வது அபூர்வமல்ல. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை நோய் மாத்திரைகள் வேண்டுமென்றே சர்க்கரையைச் சிறுநீரில் இறக்குபவை. நாளுக்குச் சுமார் 70 கிராம் வரைகூடப் போகும். அவற்றைச் சாப்பிடுபவர்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வருவது தெரிந்த பக்கவிளைவு. அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் மருந்து அது. டாக்டரிடம் கூச்சப்படாமல் சொன்னால் போதும்.

‘எல்லாம் சரி, எனக்கு இந்த டயட்டில் உடம்பு தேறியதே’ என்று ஒருவர் கேட்டால் அவர் பொய் சொல்லவில்லை. 1990-இல் அலபாமாவிலேயே இதே உபாதைகளைச் சொன்ன 42 பெண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. குடலில் கேண்டிடாவைக் கொல்லும் நிஸ்டாட்டின் மருந்தையும், மருந்தே இல்லாத போலி மாத்திரையையும், எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பெண்ணுறுப்பின் அரிப்பு போன்றவற்றுக்கு நிஸ்டாட்டின் கூடுதல் பலன் தந்தது. அசதி, மனச்சோர்வு போன்ற மற்ற உபாதைகள் போலி மாத்திரையிலும் அதே அளவுக்குக் குறைந்தன. பூஞ்சையை மருந்தால் கொன்றும் கூடுதலாகக் குறையாத உபாதை, அதைப் பட்டினி போட்டதால் நீங்கியது என்றால் நம்புவது கடினம்.

தேறியதற்கு எளிய காரணங்கள் இருக்கின்றன. பட்டியலைக் கடைப்பிடிப்பவர் பேக்கரிப் பண்டம், குளிர்பானம், பீர், நடுராத்திரி பரோட்டா எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுகிறார். பால் ஒத்துக்கொள்ளாதவராக இருந்தால் பால் போனதுமே வயிற்று உப்புசம் இறங்கும். கோதுமையிலும் சில பழங்களிலும் உள்ள சில மாவுச்சத்துகள் பெருங்குடலில் புளித்து வாயுவாக மாறுபவை. அவற்றைக் குறைத்தால் எரிச்சல் குடல் நோய் (ஐபிஎஸ்) உள்ளவர்களுக்கு உப்புசம் குறையும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ‘லோ ஃபாட்மேப்’ உணவுமுறை இதை வைத்துத்தான் இயங்குகிறது. அதில் இரண்டு முதல் ஆறு வாரம் விலக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கிறார்கள். கேண்டிடா டயட்டிலோ திரும்பச் சேர்க்கும் நாள் தள்ளிக்கொண்டே போகிறது. பழத்தைப் பார்த்தால் பயம், கல்யாண வீட்டுப் பந்தியைப் பார்த்தால் பயம் என்ற நிலைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பூஞ்சையைவிட அந்தப் பயம்தான் பெரிய நோயாகத் தெரிகிறது.

முதல் வாரத்தில் தலைவலியும் சோர்வும் வந்தால் ‘பூஞ்சை செத்து விஷம் கக்குகிறது, நல்ல அறிகுறி’ என்பார்கள். திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் அப்படித்தான் இருக்கும். கூடவே காபி, டீயையும் நிறுத்தியிருந்தால் தலைவலிக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

எச்சில் சோதனை ஒன்றும் உலவுகிறது. காலையில் பல் துலக்கும் முன் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் எச்சில் துப்ப வேண்டுமாம். நூல்நூலாகக் கீழே இறங்கினால் கேண்டிடாவாம். எச்சிலில் இயல்பாகவே வழவழப்பான சளிப் புரதம் இருக்கிறது. ராத்திரி வாய் உலர்ந்து கெட்டியாகும் எச்சில் நூலாக இறங்கத்தான் செய்யும். அடுத்த முறை வீட்டில் எல்லோரையும் துப்பச் சொல்லிப் பாருங்கள்.

நிஜமான கேண்டிடா நோய்கள் தனியாக இருக்கின்றன. வாயில் தயிர்த் திட்டுபோலப் படியும் வெண்படலம் கைக்குழந்தைகளுக்கும், பல்செட் வைத்திருப்பவர்களுக்கும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும் வரும். ஆன்டிபயாடிக் எடுத்த பிறகு பெண்களுக்கு அரிப்போடு கட்டிகட்டியாக வெள்ளை படுவதுண்டு. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு உணவுக்குழாயிலும், ஐசியூ நோயாளிகளுக்கு ரத்தத்திலும் பரவலாம். ரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து. சிறுகுடலில் பூஞ்சை மிகுவது பற்றியும் ஆய்வுகள் நடக்கின்றன. அதை உறுதிசெய்யக் குழாய் விட்டுக் குடல்நீரை எடுத்து கல்சர் பார்க்க வேண்டும், கேள்வித்தாள் போதாது. இவை எல்லாவற்றுக்கும் பூஞ்சைக்கொல்லி மருந்துகள் உண்டு.

நம் பக்கத்தில் கேட்கும் கேள்வி ஒன்று: இட்லி மாவு புளிக்கிறதே, அதைச் சாப்பிடலாமா? மாவைப் பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு லியூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாவுக்கு. கூட இருக்கும் ஈஸ்டுகளும் இட்லிப் பானையின் ஆவியில் செத்துவிடும். தாராளமாகச் சாப்பிடலாம்.

மாதக்கணக்கில் அசதியும் உப்புசமும் இருந்தால், பட்டியலைக் கையில் எடுக்கும் முன் ரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 நான்கையும் பார்த்துவிடுங்கள். எடை தானாகக் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். சர்க்கரையையும் மைதாவையும் குறைப்பதாக இருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை, குறையுங்கள். பழத்தையும் பயறையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.