திம்பத்துல பைக் ஓட்டிட்டா தாய்லாந்துலயும் ஓட்டிடலாமா? கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

கோபிசெட்டிபாளையம் பக்கம் பைக் ஓட்டும் இளைஞர்களுக்கு முதல் பரீட்சையே திம்பம்தான். சத்தியமங்கலம், பண்ணாரி தாண்டினால் 27 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஏறி இறங்கியவர்கள், "இதையே பார்த்தாச்சு, தாய்லாந்து ரோடெல்லாம் ஒரு விஷயமா?" என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆனா, வெளிநாட்டில் ஆபத்து வளைவில் மட்டும் இல்லை. கையில் இருக்கும் லைசென்ஸிலும் இருக்கு.

ரிஸ்க் எவ்வளவு?

வடக்கு தாய்லாந்தின் மே ஹோங் சோன் மலைச்சாலை, 1,864 வளைவுகளுக்குப் பேர்போனது. தாய்லாந்து சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. திம்பத்தில் எந்த வளைவில் லாரி திணறும், எங்கே யானை நிற்கும் என்று நமக்குத் தெரியும். அங்கே ரோடும் புதுசு, வாடகை வண்டியும் புதுசு. வியட்நாம் போனால் சாலையின் வலதுபக்கமாக ஓட்ட வேண்டும்.

ஐடிபி எதற்கு?

நம்ம ஊர் லைசென்ஸோடு சேர்த்துக் காட்ட வேண்டிய சர்வதேச ஓட்டுநர் அனுமதிதான் ஐடிபி. கோபி ஆர்டிஓ எல்லையில் இருப்பவர்கள் அங்கேயே விண்ணப்பிக்கலாம். படிவம் 4ஏ, லைசென்ஸ், பாஸ்போர்ட் தேவை. கட்டணம் ரூ.1,000. அதிகபட்சம் ஓராண்டு செல்லும்.

எல்லா நாட்டிலும் செல்லுமா?

இல்லை. இந்தியா தருவது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான ஐடிபி. தாய்லாந்து இதை ஏற்கிறது. வியட்நாம் 1968 வியன்னா ஒப்பந்த ஐடிபியைத்தான் ஏற்கும். இலங்கையில் ஐடிபி மட்டும் போதாது, அந்நாட்டின் தற்காலிக அனுமதியும் வாங்கணும்.

இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவருக்கும் சில வாடகைக் கடைகளில் ஸ்கூட்டர் சாவி கிடைத்துவிடும். ஆனால் செல்லுபடியாகும் டூவீலர் லைசென்ஸ் இல்லாமல் விபத்தில் சிக்கினால், பயணக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். ஹெல்மெட் போடாவிட்டாலும், குடித்திருந்தாலும் இதே கதிதான்.

திம்பத்தில் விழுந்தால் சத்தியிலோ கோபியிலோ ஆஸ்பத்திரி இருக்கு, சொந்தக்காரங்க ஓடி வந்துடுவாங்க. அங்கே ஆபரேஷன் செலவுக்கு ஊரில் இருக்கும் அப்பா, அம்மாதான் பணம் புரட்டணும்.

கிளம்பும் முன்...

* ஐடிபியில் டூவீலருக்கான 'ஏ' பிரிவு இருக்கிறதா பாருங்கள்.
* பாலிசியில் பைக் ஓட்டுவதற்கு கவர் உண்டா, எத்தனை சிசி வரை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.
* பாஸ்போர்ட்டை வாடகைக் கடையில் அடமானமாகக் கொடுக்காதீர்கள்.
* வண்டியை எடுக்கும் முன் பிரேக், டயரைப் பார்த்து, வீடியோ எடுத்து வையுங்கள்.
* முதல் நாளே மலை ஏறாதீர்கள். இரவுப் பயணம் வேண்டாம்.

லைசென்ஸ், இன்சூரன்ஸ் இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் ஹேண்டில்பாரைத் தொடாமல் இருப்பதே நல்லது. வியட்நாமின் ஹா ஜியாங் மலைப்பாதையில் உள்ளூர்க்காரர் ஓட்ட, பின்சீட்டில் உட்கார்ந்தே சுற்றிப் பார்க்கும் வசதி இருக்கு.