இடம் மாறினால் திசையும் மாறும்

சென்னையில் பணிபுரிந்த ஒருவருக்கு லே நகருக்குப் பணிமாற்றம் வருகிறது. கட்டில், பாத்திரம், புத்தகங்கள் ஆகியவற்றோடு மொட்டைமாடியில் இருந்த டிஷ் ஆண்டெனாவையும் குடும்பத்தார் கழற்றி எடுத்துச் செல்கின்றனர். புதிய குடியிருப்பில், பழைய வீட்டில் இருந்த அதே சாய்வில் அதனைப் பொருத்துகின்றனர். திரையில் ‘சிக்னல் இல்லை’ என்னும் அறிவிப்பே தோன்றுகிறது. அக்கம்பக்கத்தார் பேசும் மொழியை அறியாத பாட்டி, தமிழ்ச் செய்தி கேட்க மாலை முழுவதும் காத்திருக்கிறார். டிஷ் கெட்டுவிட்டது, புதியது வாங்க வேண்டும் என்று வீட்டார் முடிவு செய்கின்றனர். உண்மையில் டிஷ் கெடவில்லை. இடம் மாறிய பிறகும் அதன் திசை மாற்றப்படவில்லை என்பதே குறை.

இதன் காரணத்தை அறிவோம். தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ், ஜிசாட்-15 என்னும் செயற்கைக்கோள் வழியாக நம்மை வந்தடைகிறது. 2015 நவம்பரில் ஏவப்பட்ட இக்கோள், நிலநடுக்கோட்டிற்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிலைகொண்டுள்ளது. புவி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் அதே நேரத்தில் இக்கோளும் புவியை ஒருமுறை சுற்றிவருகிறது. ஆதலால், நம் பார்வைக்கு அது வானில் ஒரே புள்ளியில் நிற்பதாகத் தோன்றுகிறது. அந்தமான் தீவுகளுக்கு வெகு தெற்கே, இந்தியப் பெருங்கடலின் மேல் அது நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கோள் நிலையாக நிற்பினும் நாம் அதனைப் பார்க்கும் இடம் மாறுகிறது. சென்னையில் நிற்பவர் வடக்கிலிருந்து வலப்புறமாக ஏறத்தாழ 134 பாகை திரும்பி, அடிவானிலிருந்து 68 பாகை நிமிர்ந்து நோக்க வேண்டும். லே நகரிலோ 153 பாகை திரும்பி, 47 பாகை மட்டுமே நிமிர்ந்தால் போதும். குவாஹாத்தியில் அக்கோள் ஏறக்குறைய நேர்தெற்கில், 59 பாகை உயரத்தில் இருக்கும். வடக்கே செல்லச்செல்லக் கோள் வானில் தாழ்ந்து தெரியும்.

இனி, டிஷ்ஷைப் பொருத்தும் முறையைக் காண்போம். முதலில், கோள் இருக்கும் திசையில் மரமோ கட்டடமோ மறைக்காத இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாங்கும் குழாயைத் தூக்குக்குண்டு கொண்டு சரிபார்த்துச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். குழாய் சாய்ந்தால் மற்ற அளவுகள் யாவும் பிழையாகும். டிஷ் பார்வைக்குச் சற்று நிமிர்ந்தே நிற்கும். ஆகவே கண்ணளவை நம்பாமல், பின்புறத் தாங்கியில் பொறித்துள்ள பாகைக் குறியீட்டின்படி சாய்வை அமைக்க வேண்டும். திசைகாட்டியை இரும்பிலிருந்து விலக்கிப் பிடித்துத் திசையை அறிய வேண்டும். செட்டாப் பெட்டியின் மின்னிணைப்பை நிறுத்திய பின்னரே கேபிளை இணைக்க வேண்டும்.

அடுத்து, தொலைக்காட்சித் திரையில் சிக்னல் அளவுகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். அங்கே வலிமை, தரம் என இரு பட்டைகள் காணப்படும். டிஷ் எத்திசையை நோக்கியிருந்தாலும் வலிமைப் பட்டை ஓரளவு உயர்ந்திருக்கக்கூடும். கோளைக் கண்டுகொண்டோம் என உணர்த்துவது தரப் பட்டையே. டிஷ்ஷைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். ஒரு பாகைப் பிழை, அத்தொலைவில் 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விலகலாகும். பொறுமையே இங்கு முதன்மையான கருவி. தரம் உயர்ந்ததும், முன்னே நீண்டிருக்கும் எல்.என்.பி. என்னும் பகுதியை இருபுறமும் மெல்லத் திருப்பிப் பார்த்து, மிகுதியான தரம் கிடைக்கும் நிலையில் நட்டுகளை இறுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை! மாடியின் விளிம்பிலோ மின்கம்பியின் அருகிலோ இடி மின்னலின் போதோ இப்பணியைச் செய்தல் ஆகாது. மாணவர்கள் பெரியவர்களின் துணையின்றி மாடிக்குச் செல்லக்கூடாது. கீழே இருந்து திரையைப் பார்த்துத் தர அளவை உரக்கச் சொல்வதே உங்களுக்கு ஏற்ற பணியாகும். அப்பணி இல்லாமல் மேலே நிற்பவரால் கோளைக் கண்டறிய இயலாது.

பலத்த மழையின்போதோ, டிஷ்ஷில் ஈரப்பனி படியும்போதோ படம் தடைபடலாம். அவை நீங்கியதும் படம் மீளும். அதற்காக டிஷ்ஷைத் திருப்ப வேண்டியதில்லை.

லே நகருக்குச் சென்ற குடும்பத்தாரும் பாகை அளவுகளை மாற்றிப் பொருத்தினால், புதிய டிஷ்ஷுக்கான செலவு மிஞ்சும்; பாட்டியும் அன்று மாலையே தமிழ்ச் செய்தியைக் கேட்பார். பணிமாற்றத்தில் ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகளாகிய உங்களுக்கு இவ்வறிவு என்றேனும் கைகொடுக்கும்.

சிந்தித்து எழுதுக

1. செயற்கைக்கோள் வானில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றுவது ஏன்?
2. சென்னையிலும் லே நகரிலும் டிஷ்ஷின் சாய்வு வேறுபடுவதன் காரணம் யாது?
3. உங்கள் ஊரில் டிஷ்கள் எத்திசையை நோக்கியுள்ளன? உற்றுநோக்கி ஐந்து தொடர்களில் எழுதுக.